இரவோடு இரவாக ஒரு துண்டறிக்கை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல்.

இங்கே எட்டாம் வகுப்புக்கு மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், பேருந்தில் நிறம் பார்த்து இடம் பிரித்ததை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமலே போராடினார்களே, அதுதான். போன வருடம் இதே பாடத்தில் ஒரு தப்பு செய்தேன், உன்னிடம் சொல்லவே இல்லை. நாற்காலிகளைப் பேருந்து மாதிரி போட்டு, முன்னால் 10 இடம் வெள்ளையருக்கு, கடைசி 10 இடம் கறுப்பருக்கு என்று அன்றைய வழக்கப்படியே பிரித்து, பிள்ளைகளை நடிக்கச் சொன்னேன். வகுப்பில் இருந்த ஒரே கறுப்பினப் பெண் எழுந்து, "டீச்சர், நான் எங்கே உட்காரணும்?" என்று கேட்டாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நாற்காலிகளை நானே திரும்ப எடுத்துப் போட்டேன். அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். இனி எந்தப் பிள்ளையையும் அப்படி உட்கார வைக்க மாட்டேன்.

இந்த வருடம் வேறு மாதிரி தொடங்கினேன். ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி வேலை முடிந்த களைப்பில், பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்தார், எல்லாம் மாறிவிட்டது என்றுதான் பிள்ளைகள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். அவர் பல வருடம் உரிமை இயக்கத்தில் உழைத்தவர் என்பது அவர்களுக்குப் புதிது. அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே ஊரில் எழ மறுத்துக் கைதானாள் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. கிட்டத்தட்ட இவர்கள் வயதுதானே!

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வந்தேன். டிசம்பர் 1 அன்று பார்க்ஸ் கைதான இரவே, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை தன் கல்லூரிக்குப் போய், சக ஆசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் வைத்துக்கொண்டு, பேருந்தில் ஏறாதீர்கள் என்று சொல்லும் துண்டறிக்கையை, சைக்ளோஸ்டைல் என்ற நகலெடுக்கும் மெஷினில் விடிய விடிய பல்லாயிரம் பிரதி எடுத்தார். காலை 8 மணிக்கு வழக்கம்போல வகுப்பு எடுத்தார். அது முடிந்ததும் ஊரெல்லாம் விநியோகம். அந்த ஒரு இரவை நினைத்தாலே எனக்கு மெய் சிலிர்க்கும்.

பிறகு 381 நாள் நடை. நடக்க முடியாதவர்களுக்குக் கார்கள் ஓடின. அந்தச் செலவுக்கு ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்மணி மற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாப்பாடும் கேக்கும் விற்றுப் பணம் கொடுத்தார். கடைசியில், பேருந்தில் இடம் பிரிப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த வழக்கைத் தொடுத்தவர்களில் பார்க்ஸ் இல்லை, கால்வின் இருந்தாள். "அப்போ அவ பேர் ஏன் எங்களுக்குத் தெரியல?" என்று ஒரு பையன் கோபமாகக் கேட்டான். அடுத்த வாரம் முழுக்க அந்தக் கேள்விதான்.

சரி, ஒரு உதவி. சைக்ளோஸ்டைல் என்றால் என்ன என்று இவர்களுக்குத் தெரியவில்லை. கேள்வித்தாள் எடுத்துக் கை முழுக்க மையோடு நிற்பாயே, அந்தப் பழைய மெஷின் உங்கள் பள்ளியில் இன்னும் கிடக்கிறதா? இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு, வெள்ளிக்கிழமைக்குள்.

அன்புடன்,
உன் தோழி