கோல்ஃப் ஆடாத என் மனைவிக்கு எந்த ஊராக இருந்தால் என்ன என்று கேட்டீர்கள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 2025 ஏப்ரல் 11 முதல் 16 வரை இலங்கை கோல்ஃப் சுற்றுலா (தம்பதியர் திட்டம்) – கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தரக் கோருவது

ஐயா, வணக்கம்.

இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது: ‘உங்கள் கருத்துக்கு நன்றி, 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்.’ இரண்டு மாதம் ஆகிவிட்டது. பதினோரு முறை தொலைபேசியில் பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆள் எடுக்கிறார், நான் முதலில் இருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு வயது 66. இனி சொல்லத் தெம்பில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுத்திலேயே வைக்கிறேன். பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஏன் உங்களிடம் வந்தேன் என்பதில் இருந்து தொடங்குகிறேன். வேலை பார்த்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் நான் கோல்ஃப் மைதானத்தில்தான் இருப்பேன். பதினெட்டுக் குழி ஆடி முடிக்க நாலரை மணி நேரம், போக வர, பேச்சு, டிபன் என்று அரை நாள் போய்விடும். என் மனைவி அதற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பள்ளி ஆசிரியை, அவருக்கும் ஓய்வு கிடைத்தது அந்த ஒரு நாள்தான். இந்த ஆண்டு எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம். நான் மட்டும் ஆடிவிட்டு வருகிற ஊராக இல்லாமல், அவருக்கும் பிடித்த ஊராக ஒன்றுக்குப் போவோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஊரைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம். தாய்லாந்தின் ஹுவா ஹின்னைப் பார்த்தோம். 1924இல் திறந்த பழைய மைதானம், ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, கடற்கரையும் பக்கம். ஆனால் அவர், “கடலை எத்தனை மணி நேரமுங்க பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறது?” என்றார். நியாயம்தான். கோயம்புத்தூர்க்காரர்களான எங்களுக்கு ஊட்டி வீட்டுத் திண்ணை மாதிரி. கொடைக்கானலில் மைதானம் ஏரிப் பக்கத்தை விட்டுத் தள்ளி இருக்கிறது. நான் போய்விட்டால் அவருக்கு வண்டி வேண்டும். கடைசியில்தான் இலங்கையின் மலை ஊரான நுவரெலியா.

நுவரெலியாவின் சிறப்பை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அதை விற்பவர்கள் நீங்கள். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஊழியர் யாருக்கும் அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. 1889இல் தொடங்கிய அந்த மைதானம் ஊருக்கு வெளியே இல்லை, ஊரின் நடுவிலேயே இருக்கிறது. நான் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அவர் பாட்டுக்கு நடந்து விக்டோரியா பூங்காவுக்குப் போகலாம், 1894இல் கட்டிய செங்கல் தபால் நிலையத்தில் பேரனுக்கு ஓர் அஞ்சலட்டை போடலாம், கிரகரி ஏரியைச் சுற்றலாம். வண்டிக்கோ எனக்கோ காத்திருக்க வேண்டாம். ஆடாதவரையும் கூட்டிக்கொண்டு போகிற ஊர் என்றால் அதுதான் முதல் தேவை, மைதானத்தின் அழகெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சீதையம்மன் கோயில். நகரில் இருந்து ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குப் போகிற வழியில், சீத்தா எலியவில், ஓடைக்கரையில் இருக்கிறது. அசோகவனம் இதுதான் என்று நம்பிக்கை. ஓடையோரப் பாறையில் இருக்கும் பள்ளங்களை அனுமன் பாதம் என்கிறார்கள். என் மனைவி வருடா வருடம் சுந்தர காண்டம் பாராயணம் செய்கிறவர். அம்மனுக்குச் சாத்த வேண்டும் என்று பச்சையில் அரக்கு பார்டர் வைத்த புடவை ஒன்றை டவுன்ஹால் பக்கம் போய் எடுத்து வந்தார். மஞ்சள் பையில் குங்குமத்தோடும் வளையல்களோடும் வைத்து, பெட்டியில் மேலாக, கசங்காமல் அடுக்கினார்.

இத்தனையும் ஜனவரியில் உங்களுக்கு மின்னஞ்சலில் எழுதினேன். ‘மூன்று இரவு நுவரெலியா, மைதானத்தில் இருந்து நடக்கும் தூரத்தில் விடுதி, அதில் மாற்றம் வேண்டாம்’ என்று. ‘குறித்துக்கொண்டோம் சார்’ என்று பதிலும் வந்தது. 2,38,000 ரூபாயை ஒரே தவணையில் கட்டினேன்.

ஏப்ரல் 7ஆம் தேதி, கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, ஒரு வாட்ஸ்அப் செய்தி. ‘வாழ்த்துகள்! உங்கள் தங்குமிடம் உயர்தர ரிசார்ட்டாக மேம்படுத்தப்பட்டுள்ளது.’ எங்கே என்று பார்த்தால் கண்டிக்கு அப்பால், திகன பக்கம். நுவரெலியா போய்ச் சேர மலைப்பாதையில் மூன்று மணி நேரத்துக்கு மேல்!

ஏன் என்று கேட்டதற்கு, “சீசன் சார், ரூம் இல்ல” என்றார்கள். ஐயா, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் சீசன் என்பது இலங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று கொழும்பே மலையேறி வந்துவிடும். மே மாதம் ஊட்டியில் அறை கிடைக்காது என்று தெரியாமல் ஒருவர் ஊட்டிச் சுற்றுலா நடத்துவாரா? ஜனவரியில் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட நீங்கள் ஏப்ரல் வரை ஏன் அறை போடவில்லை? தேதி சரியில்லை என்று அன்றே சொல்லியிருந்தால் பிப்ரவரியில் போயிருப்போமே. எங்களுக்கு ஏப்ரல்தான் வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அந்தத் தேதியைச் சொன்னதே உங்கள் ஆள்தான்.

அன்று பேசிய அந்த இளைஞர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். “சார், உங்களுக்கு கோல்ஃப் கிரவுண்டு இருக்குல்ல? மேடம்தான் ஆடவே மாட்டாங்களே, அவங்களுக்கு எந்த ஊரா இருந்தா என்ன சார்?” ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கை ஒரு நிமிடம் நின்றது. எதுவும் பேசாமல் மறுபடி நறுக்க ஆரம்பித்தார். நான் கட்டிய பணத்தில் பாதி அவருடையது, ஐயா. ‘தம்பதியர் திட்டம்’ என்று பெயர் வைத்தது நீங்கள்.

அந்த உரையாடல் பதிவாகியிருக்கும் என்று நினைக்கிறேன். ‘தரத்தை மேம்படுத்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று நீங்களேதானே ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினால் வந்து நின்றது ஒரு சின்னக் கார். கோல்ஃப் சுற்றுலா என்று பணம் வாங்கியவர்கள், கோல்ஃப் பை நாலடிக்கு மேல் நீளம் என்று அறியமாட்டீர்களா? பின்னால் ஏறவில்லை. ஓட்டுநர் பாவம், முன்னிருக்கையை மடக்கிப் பார்த்தார், குறுக்கே வைத்துப் பார்த்தார். கடைசியில் பின்னிருக்கையில் எங்கள் மடிமீது கிடத்தினோம். கண்டி வரை அந்தக் கனத்த முனை என் மனைவி மடியில்தான் இருந்தது. இறங்கும்போது பையின் பக்கிள் அவர் முழங்கைக்குக் கீழே சதுரமாகப் பதிந்து சிவந்திருந்தது. “பரவால்லைங்க” என்றார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் இருக்கும் அந்த மைதானத்தை நான் குறை சொல்லமாட்டேன். தண்ணீரும் மலையுமாக, ஆடுகிறவனுக்குச் சொர்க்கம். ஆனால் நீங்கள் எங்களைத் தங்கவைத்த இடத்தில் ஆடாதவர் என்ன செய்வார்? ஒரு பால்கனி. நடந்து போகக் கடை இல்லை, கோயில் இல்லை. எங்களை இறக்கிவிட்டு ஓட்டுநர் கண்டிக்குத் திரும்பிவிட்டார், வண்டி எங்களுக்கு ‘ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுவிட மட்டும்தான்’ என்று. நான் 12ஆம் தேதி ஆடப் போனேன். ஏழாவது குழியிலேயே மனம் விட்டுப்போயிற்று. திரும்பி வந்தால், காலையில் எந்த நாற்காலியில் விட்டுப்போனேனோ அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளை ஒரே நாளில் கண்ணால் பார்த்தது போல இருந்தது எனக்கு.

மறுநாள் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போகிறோம் என்று வாக்குக் கொடுத்தீர்கள். காலை ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி பத்து மணிக்கு வந்தது. ரம்பொடை ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நின்றன. ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றோம். விடிந்தால் புத்தாண்டு, அந்த ஓட்டுநருக்கும் வீடு வாசல் இருக்கிறது. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்றார். அவரை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வருடப்பிறப்புக்கு முந்தின நாளில் அந்த மனிதரை அந்தச் சாலையில் அனுப்பியவர்கள் நீங்கள். இன்னும் ஒரு மணி நேரப் பயணம் இருக்கும்போது திரும்பிவிட்டோம். மஞ்சள் பை என் மனைவி மடியில் இருந்தது. 14ஆம் தேதி வண்டியே இல்லை.

கொழும்பில் 15ஆம் தேதி ஆட்டம். 1879இல் தொடங்கிய கிளப்பின் மைதானம், நடுவே ரயில் போகும். அதையாவது அவருக்குக் காட்டலாம் என்று இருந்தேன். அங்கே போனால் எங்கள் பெயரில் பதிவே இல்லை. நீங்கள் போடவில்லை. அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். மூன்று ஆட்டத்துக்குப் பணம் கட்டி ஒன்று ஆடினேன், அதுவும் மனமில்லாமல்.

இப்போது மே 19ஆம் தேதிக்கு வருகிறேன். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. பணம் திரும்ப வேண்டுமென்றால் பாஸ்போர்ட், ஒரிஜினல் வவுச்சர் எல்லாவற்றோடும் சென்னை அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னது உங்கள் சேவைப் பிரிவு. சேரன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து வந்தேன். உங்கள் அலுவலகம் மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. சம்பந்தப்பட்டவர் விடுப்பு. உட்காருங்கள் என்றார்கள், உட்கார்ந்தேன். காவலாளி ஒருவர்தான் தண்ணீர் கொடுத்தார், அவருக்கு நன்றி. இரண்டே முக்கால் மணிக்கு ஒரு பெண் வந்து, “ரீஃபண்டெல்லாம் மெயில்லதான் சார், நேர்ல எதுக்கு வந்தீங்க?” என்றார். கையில் இருந்த உங்கள் மின்னஞ்சலைக் காட்டினேன். படித்துவிட்டு, “இது எங்க டீம் அனுப்பினது இல்ல” என்றார். பெயர்ப்பலகை ஒன்றுதானே, ஐயா? நான் எந்த அணியிடம் பணம் கட்டினேன்?

போன வாரம் 5,000 ரூபாய் கூப்பன் அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்த கோல்ஃப் சுற்றுலாவில் கழித்துக்கொள்ளலாமாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது இதுதான். அடுத்த சுற்றுலா ஒன்று எங்களுக்கு இல்லை. “இனிமே கடல் தாண்ட வேண்டாங்க” என்று சொல்லிவிட்டார் அவர். அந்த ஆசையைக் கெடுத்ததற்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

தவறு நடப்பது இயல்பு. உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று இன்னமும் நம்புகிறேன். மேலாளர் என்ற முறையில் இதை நீங்களே நேரில் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே தாழ்மையுடன் கேட்கிறேன்: 2,38,000 ரூபாயும் முழுதாக, சென்னைக்கு வீணாக வந்துபோன செலவு 2,140 ரூபாயோடு, என் கணக்கில் செலுத்துங்கள். மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் கேட்க எனக்கு உரிமை உண்டு. 15 நாளில் முடித்தால் அதை நான் வலியுறுத்தமாட்டேன்.

முடிக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும். அப்புறம் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், உங்கள் மூன்றாவது மாடியை நான் மறுபடி ஏற வேண்டியதில்லை. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. எனக்கு நேரமும் இருக்கிறது, ஒவ்வொரு காகிதமும் தேதி வாரியாகக் கோப்பில் இருக்கிறது.

இன்னொன்றும் வேண்டும், பணத்தைவிட முக்கியமாக. அந்த இளைஞர் சொன்ன வார்த்தைக்கு என் மனைவியின் பெயருக்கு, தனியாக, எழுத்தில் மன்னிப்பு. எனக்கு அல்ல. பதிவுப் படிவத்தில் இரண்டாவது பயணி என்று நீங்கள் போட்டிருக்கிறீர்களே, அவருக்கு.

பதிலைக் கடிதமாகவே அனுப்புங்கள். தயவுசெய்து தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அந்தப் புடவை இன்னும் மஞ்சள் பையிலேயே, பூஜை அறை அலமாரியில் இருக்கிறது. பிரிக்க மாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரில் இருந்து,
உங்கள் தம்பதியர் திட்டத்தின் முதல் பயணி