மைக்கில் சொல்ல முடியாமல் போனது

பத்தாங் பெர்ஜுந்தை மக்களுக்கு வணக்கம். மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் நம் ஊருக்கு 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பலகையில் அது இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு வாயில் வருவது பழைய பெயர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் எனக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆயிரக்கணக்கான பேர் கத்தும் திடலில் காற்பந்து ஆடியவனுக்கு இருநூறு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்று தொண்டையில் நின்றதை இங்கே எழுதுகிறேன்.

வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு என் கதை தெரியாது. அப்பா இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். அம்மா இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவிலிருந்து செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலைக்கு வந்தவர். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் மூன்றும் வந்து சாப்பிட்டது, ஆனால் யாரும் திருமணத்தைப் பதியவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச்சிலேயே நடப்புக்கு வந்துவிட்டது. லயத்தில் அதை யார் கண்டார்கள்? பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான். 1990-ல் நான் பிறந்தேன். அப்பா மலேசியர், தாத்தா மலேசியர், நான் பிறந்தது இந்த ஊர், ஆனால் என் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கானெகாரா', அதாவது குடிமகன் அல்ல. எனக்கு மூன்று வயதானபோது ஒருவழியாகக் கல்யாணத்தைப் பதிந்தார்கள். என்ன செய்வது, அதற்குள் நான் பிறந்துவிட்டேன்.

லயத்துப் பிள்ளைகள் என்னை 'இந்தோன்', அதாவது இந்தோனேசியாக்காரன், என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார்கள். கோபம் வந்தது உண்டு, அடித்துக்கொண்டதும் உண்டு. ஆனால் திடலில் பந்து வேண்டும் என்றால் அதே பெயரைச் சொல்லித்தான் கத்துவார்கள்: "இந்தோன், குடுடா!" அதனால் பழகிவிட்டது.

முதல் நன்றி சிக்குவுக்கு. தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது எங்களுக்குக் கணிதமும் காற்பந்தும் சொல்லிக்கொடுத்த மலாய்க்கார ஆசிரியர். அப்போது என் காலில் கிடந்தது கறுப்பு ரப்பர் சப்பாத்து, மரம் வெட்டுகிறவர்கள் போடுவது. 'அடிடாஸ் கம்போங்' என்று நாம் கேலியாகச் சொல்வோமே, அதுதான். அப்போது ஐந்தாறு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது, அடியில் முள் இருக்கும், சேற்றில் வழுக்காது. என் வலது கால் பலமாக இருப்பதைப் பார்த்த சிக்கு ஒருநாள் அந்தக் காலின் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். தன் ஜப்பான் சிலிப்பரில் ஒன்றைக் கொடுத்து அதைப் போட்டுக்கொண்டு ஆடச் சொன்னார். சிலிப்பரோடு உதைத்தால் பந்துக்கு முன்னால் சிலிப்பர் பறக்கும். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் இடது காலால் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் இப்படி. அவர் ஒற்றைச் சிலிப்பரோடு கோட்டோரமாக நின்று கத்திக்கொண்டிருப்பார். பிற்பாடு எனக்குச் சோறு போட்ட இடது பின்காவல் ஆட்டம் அந்தச் சிலிப்பரில்தான் ஆரம்பித்தது.

2005-ல் ஓர் அணிக்குத் தேர்வானேன். எந்த அணி என்பது இப்போது வேண்டாம். காலையில் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தும் ஆகிவிட்டது. அம்மா கட்டிக்கொடுத்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, மடியில் சுடுகிறது. விண்ணப்பப் பாரங்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்தவர் என் பெயரில் நின்றார். பத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கச் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே சிக்குவும் இறங்குகிறார். அவர் அந்த அணியின் துணைப் பயிற்சியாளர், போயிருக்கலாம். போகவில்லை. தன் மோட்டாரில் என்னை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் மாமாக் கடையில் நிறுத்தி இரண்டு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும், "நாளைக்கு ஐந்து மணிக்குத் திடலுக்கு வா" என்றார், அவ்வளவுதான்.

அடுத்தது தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதிய கிராணியார். சின்ன வயதில் அவரைக் கண்டால் ஓடி ஒளிவோம். செக்ரோல் என்ற வேலைநாள் சம்பளக் கணக்கில் ஒரு நாள் சம்பளம் குறைந்தால்கூட யாரும் வாய் திறக்க முடியாது, அப்படிப்பட்ட மீசை. குடியுரிமைக்கு முதல் முறை போட்ட மனு ஒரு வரி பதிலோடு திரும்பி வந்தது. காரணம் எழுதவில்லை. இரண்டாம் முறை மனு போட வழி காட்டியது அவர்தான். 21 வயதாவதற்குள் விண்ணப்பித்தால் சிறப்புச் சூழலில் அரசாங்கம் குடியுரிமை தரலாம் என்று அரசியலமைப்பின் 15ஏ பிரிவு அப்போது சொன்னது. இது எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? அவர் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னார்.

தோட்ட அலுவலகத்துப் பழைய டைப்ரைட்டரில் ஒரே விரலால் அடிப்பார். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். அப்பா எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார், தாத்தா எந்த லயத்தில் இருந்தார், பெற்றோர் வேலைக்குப் போனபோது நான் எந்த ஆயாக் கொட்டகையில் வளர்ந்தேன், எல்லாம் பழைய பேரேடுகளிலிருந்து எடுத்து எழுதினார். ஓர் எழுத்து தவறினாலும் தாளை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். "அழிச்சு எழுதினா நம்ப மாட்டானுங்க" என்பார். அந்தக் கடிதத்தோடு தலைமையாசிரியை தந்த பள்ளிச் சான்று, என் பிரசவத்தின்போது அம்மாவின் கையைப் பிடித்திருந்த ஆயாவின் சத்தியப் பிரமாணம், வேலையாட்களை மேய்க்கும் தண்டலின் கையெழுத்து என்று ஒரு கட்டுச் சேர்ந்தது. ஆயாவுக்கு எழுதத் தெரியாது. பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, மை காயாத விரலாலேயே என் கன்னத்தைக் கிள்ளினார். நீல அடையாளத்தோடு வீட்டுக்குப் போனேன்.

அப்புறம் அலைச்சல். எந்த அலுவலக முகப்பில் எத்தனை மணி நேரம் நின்றோம் என்று எழுதினால் இந்த மடல் முடியாது. போக வர எங்களைக் காரில் கூட்டிப் போன மளிகைக்கடை முதலாளி தவுக்கேவுக்கும், ஒவ்வொரு முறையும் எண்ணெய்க் காசை வாங்க மறுத்த அவர் மகனுக்கும் நன்றி. மூன்று வருடம் கழித்து 2009-ல் கடிதம் வந்தது. எனக்கு 19 வயது. அப்பா அதைப் பிரிக்காமல் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். சிக்கு வந்த பிறகுதான் பிரித்தோம்.

குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கைக்கு வந்த அதே மாதம் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கான பிரசிடென் கிண்ண அணி ஒன்றின் தேர்வுக்குப் போனேன். மற்றவர்கள் 15 வயதில் ஏறும் படியில் நான் 19-ல் கால் வைத்தேன். பயிற்சி ஷா ஆலமில். தொழிற்சாலை பஸ் ஓட்டிய அண்ணன் ஆள்களை இறக்கிவிட்டு வரும்போது என்னை ஏற்றிக்கொள்வார், ஒரு வெள்ளிகூட வாங்கியதில்லை. 1994-ல் திறந்த அந்த ஷா ஆலம் அரங்கத்தை இப்போது இடித்துவிட்டார்கள். நான் ஆடிய கோட்டோரம் இன்று வெறும் மண்.

2010 டிசம்பர் 29 உங்களுக்கு மறந்திருக்காது. தென்கிழக்காசிய நாடுகளுக்கான ஏ.எஃப்.எஃப் சுசுகி கிண்ண இறுதியாட்டத்தின் இரண்டாவது சுற்று, ஜகார்த்தாவில். புக்கிட் ஜாலிலில் நாம் 3-0 என்று ஜெயித்திருந்தோம். பயிற்றுநர் நம்ம கே. ராஜகோபால். கடைக்கு வெளியே துணி கட்டி, புரொஜெக்டர் வைத்து ஊரே பார்த்தது. எதிரணி இந்தோனேசியா என்பதால் எல்லாரும் ஓரக்கண்ணால் அம்மாவையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், எனக்குத் தெரியும். முதல் பாதியில் இந்தோனேசியாவின் ஃபிர்மான் உத்தினா அடித்த பெனால்டியை நம் கோல்காவலர் கைருல் ஃபாமி தடுத்தார். நாற்காலிகள் பறந்தன. அம்மா மட்டும், "அந்தப் புள்ளயோட அம்மா இப்ப எங்க ஒக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாளோ" என்றார். பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த அக்கா சட்டென்று உட்கார்ந்து அம்மாவின் தோளில் கை போட்டார். அந்த அக்காவுக்கும் இங்கேயே நன்றி. ஆட்டத்தில் 2-1 என்று தோற்றோம், மொத்தத்தில் 4-2 என்று கிண்ணத்தை வென்றோம். அம்மா எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தார்.

என் ஆட்ட வாழ்க்கையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலேசியாவின் இரண்டாம் நிலைப் பிரீமியர் லீக்கில் சில ஆண்டுகள், 2013-ல் முதல் நிலைச் சூப்பர் லீக்கில் முதல் ஆட்டம், நான்கு அணிகள், நாட்டுக்காக ஒரு தடவைகூட இல்லை. கடைசி இரண்டு ஆண்டுகள் ஏ1 செமி-புரோ லீக். கோல் மூன்றே மூன்று, அதில் ஒன்று எதிராளியின் முதுகில் பட்டுப் போனது. 2017-ல் முழங்கால் தசைநார் அறுந்தபோது பத்து மாதம் வீட்டில் கிடந்தேன். அப்போது கோயில் கமிட்டி உண்டியல் குலுக்கியது எனக்கு மிகவும் பின்னால்தான் தெரிந்தது. அறுவைச் சிகிச்சைக்கு அணியே பணம் கட்டியது என்று அப்பா பொய் சொல்லியிருந்தார். இன்னோர் அணி ஐந்து மாதச் சம்பளம் பாக்கி வைத்தது. சேமநிதிக்கும் கட்டவில்லை. அந்த நாளில் கணக்கில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்த தவுக்கேவுக்கும், பாக்கியில் பாதியையாவது வாங்கித் தந்த வீரர்கள் சங்கத்துக்காரர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள் தேசிய அணியில் ஆடுவது எனக்குச் சந்தோஷம்தான். சிட்னியில் வளர்ந்த பிரெண்டன் கான், பெர்த்திலிருந்து வந்த மேத்யூ டேவிஸ், லண்டனில் பிறந்த கோர்பின் ஓங், கூச்சிங்கில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்த டியோன் கூல்ஸ், எல்லாருக்கும் கைதட்டியவன் நான். அவர்களை 'ஹெரிடேஜ்', அதாவது பூர்வீக வழி, வீரர்கள் என்கிறோம், கேட்கவே கௌரவமாக இருக்கிறது. லயத்தில் பிறந்தால் அதற்குப் பெயர் 'இந்தோன்'. 2025 செப்டம்பரில், தாத்தா பாட்டி இங்கே பிறந்ததாகக் காட்டிய தாள்கள் போலி என்று சொல்லி ஃபிஃபா ஏழு வீரர்களுக்கும் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும் தண்டனை கொடுத்தது. செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, ஓர் எழுத்து தவறியதற்காகக் கிராணியார் கசக்கிப் போட்ட தாள்கள்தான்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இங்கே நன்றி எழுதினால் அம்மா திட்டுவார். "வீட்டு ஆளுக்கு எதுக்குடா நன்றி" என்று ஃப்ளோரஸ் ராகத்தில் தமிழில் கேட்பார். அதனால் விட்டுவிடுகிறேன்.

பயிற்றுநருக்கான டி லைசென்ஸ் முடித்துவிட்டேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு லயத்துத் திடலில் இருப்பேன். பிள்ளைகளை அனுப்புங்கள், காசு வேண்டாம். சப்பாத்து இல்லை என்று யாரையும் வீட்டில் நிறுத்திவைக்காதீர்கள். பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் உள்ள பிள்ளை இருந்தால் தனியாக என்னிடம் சொல்லுங்கள். எந்தப் பாரம், என்னென்ன சான்று என்று எனக்கு மனப்பாடம்.

கடைசியாக ஓர் உதவி. தோட்டத்து அலுவலகத்தை மூடிய பிறகு கிராணியார் கிள்ளானில் மகள் வீட்டோடு போய்விட்டதாகக் கேள்வி. இருக்கும் இடம் தெரிந்தவர்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சூப்பர் லீக்கில் நான் முதன்முதலாகப் போட்ட ஜெர்சியை அவருக்கென்று துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது லயத்து இந்தோன்