பட்டை உரித்தும் சாகாத மரம்

ஆசிரியருக்கு,

பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும் என்று பொதுவாகச் சொல்கிறோம். வட அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியைச் சுற்றி வாழும் ஓஜிப்வே மக்கள் படகுக்குப் பட்டை எடுக்கும் விதம், அது முழு உண்மையல்ல என்று காட்டுகிறது.

ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில்தான் வெள்ளை பிர்ச் மரத்தின் பட்டை இலகுவாக விட்டுக்கொடுக்கும். மரத்தடியில் புகையிலை வைத்து நன்றி சொன்ன பிறகு, வெளிப்பட்டை ஆழத்துக்கு மட்டும் மேலிருந்து கீழாக ஒரே கீறல். ஓரம் விரிந்து, அடியில் ஈரமான உள்பட்டை தெரியும். கத்தி அதையும் சுற்றிலும் அறுத்துவிட்டால் இலையின் உணவு வேருக்கு இறங்காது, மரம் சாகும். பருவம் தவறி வலிந்து இழுத்தாலும் உள்பட்டை சேர்ந்து பிய்ந்துவிடும். கைப்பக்குவம் என்றால் இதுதான்!

படகில் பட்டையின் வெள்ளைப் பக்கம் உட்புறமாக வரும். விலாச் சட்டங்களுக்கு சீடர் மரம், தைக்க ஸ்புரூஸ் வேர். தையலை அடைக்க, காய்ச்சிய பிசினில் கொழுப்பும் கரித்தூளும் கலப்பார்கள். கொழுப்பு குறைந்தால் குளிரில் வெடிக்கும். கூடினால் வெயிலில் வழியும். அதனால் பட்டைத் துண்டில் தடவி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, வளைத்துப் பார்த்த பிறகே பூசுவார்கள்.

1837-ல் அமெரிக்க அரசுடன் செய்த உடன்படிக்கையில் நிலத்தைக் கொடுத்தபோதும் வேட்டை, மீன்பிடி, காட்டரிசி சேகரிப்பு உரிமைகளை ஓஜிப்வே மக்கள் விடவில்லை. 1999-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்த உரிமைகள் நீடிப்பதாகத் தீர்ப்பளித்தது. பழங்குடிகள் பற்றிய உங்கள் பக்கங்களில் இத்தகைய தொழிலறிவுக்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்