கோல்ஃப் கேடி மகன் எழுதும் கடிதம்

கால்கரி, கனடா,
அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். அங்கும் எல்லாரும் நலம்தானே?

உங்கள் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. போனில் 'நல்லா இருக்கேன்' என்பதற்கு மேல் இவன் வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். இதோ, பேனாவை எடுத்துவிட்டேன்.

நீங்கள் சொல்லச் சொல்லப் பாப்பா எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்தது. கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை 'கிரீன்' என்போமே, கடிதம் முழுக்க அது 'கிரீம்' ஆகியிருந்தது. கிரீம் புல்லை எவ்வளவு உயரத்துக்கு வெட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. காலை ஐந்து மணிக்கு அதை வெட்டுகிறவர்களில் நானும் ஒருவன். உறைபனி விழுந்த புல்லில் கால் வைத்தால் தடம் கறுத்துப்போகும் என்று என்னைத் திட்டுவீர்களே, இங்கே அதே காரணத்துக்காக ஆட வந்தவர்களை வெயில் ஏறும்வரை காக்க வைக்கிறார்கள். கோட் போட்ட பெரிய மனிதர்கள் காபிக் குவளையோடு வரிசையில் நிற்பார்கள். அப்போதெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

மைதானங்களைப் பற்றி ஒவ்வொன்றாக எழுதச் சொன்னீர்கள். ஒரு நோட்டுப் போட்டு மார்க் கொடுத்துவருகிறேன்.

முதல் மார்க் கனனாஸ்கிஸுக்கு. இங்கிருந்து ஒரு மணிநேரப் பயணம், மலைக்குள்ளே. 36 குழி. ராபர்ட் ட்ரெண்ட் ஜோன்ஸ் என்பவர் வடிவமைத்தது, 1983இல் திறந்தார்கள். ஆல்பர்ட்டா மாகாண அரசுக்குச் சொந்தம். 2013 ஜூன் வெள்ளத்தில் ஆறு திசைமாறி ஓடி மைதானத்தையே அள்ளிக்கொண்டு போனது. திரும்பத் திறக்க 2018 ஆகிவிட்டது. மணல் குழிகளில் பால்போல வெள்ளை மணல். தலைக்கு மேலே கிட் மலை நிற்கிறது. பந்தைப் பார்ப்பதா மலையைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டு பந்தை ஆற்றுக்குக் கொடுத்தேன். உயரத்தில் பந்து கூடுதலாகப் பறக்கும் என்பீர்களே, அது இங்கேயும் மெய். நம் கொடைக்கானல் அளவுக்கு இல்லை. ஆல்பர்ட்டாக்காரர்களுக்குக் கட்டணம் குறைவு. என் லைசென்ஸைப் பார்த்துவிட்டு கவுன்டரில் இருந்த பெண், "உள்ளூர்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

கால்கரி நகராட்சியே சில மைதானங்கள் நடத்துகிறது. ஷாகனாப்பி பாயின்ட் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து நகரத்தின் உயரக் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். ரயிலில் இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். மக்கால் லேக் விமான நிலையத்தின் பக்கம். பந்தை அடிக்கக் கை ஓங்கும்போது சரியாக ஒரு விமானம் வந்து இறங்கும். அதற்கு நான் மார்க் குறைக்கவில்லை. எட்மன்டனில் ஆற்றங்கரையில் இருக்கும் விக்டோரியாதான் கனடாவிலேயே பழைய நகராட்சி மைதானமாம். ஜூன் மாதம் போனேன். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். சாயங்காலம் கட்டணம் குறைந்தபின் இறங்கினால் 18 குழியும் ஆடி முடித்துவிடலாம்.

பான்ஃப் ஸ்பிரிங்ஸில் ஆடவில்லை. ஸ்டான்லி தாம்சன் வடிவமைத்து 1928இல் திறந்தது. காசு கொடுத்தால் யாரும் ஆடலாம், ஆனால் கொடுக்க வேண்டிய காசைச் சொன்னால் அம்மாவுக்கு மயக்கம் வரும். மைதானத்தை ஒட்டி ரோடு போகிறது; அதில் நடந்தே பார்த்துவிட்டு வந்தேன். நம் மைதானத்தில் காட்டெருமை நிற்கிற மாதிரி அங்கே எல்க் என்று பெரிய கொம்பு மான் கூட்டமாக மேய்கிறது. ஆடுகிறவர்கள் அது நகரும்வரை காத்திருக்கிறார்கள். இதை மட்டும் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

வான்கூவரில் ஸ்டான்லி பார்க்கில் ஒரு குட்டி மைதானம் இருக்கிறது. ஒவ்வொரு குழியும் சும்மா நூறு கஜத்துக்குள். இரண்டே மட்டை போதும். சுற்றிலும் ரோடோடென்ட்ரான் மரங்கள், நம் மலையில் பூக்கிற அதே சாதி. உங்கள் மூட்டு வலிக்கு அதுதான் சரி. பை தூக்க வேண்டியதில்லை. 38 வருஷம் தூக்கியது போதும்.

பள்ளிக்கூடத்தில் 'அப்பா என்ன வேலை?' என்று கேட்டபோது ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கும் வேலை என்று விளக்காமல் வெறுமனே 'கேடி' என்று சொல்லி, வகுப்பே சிரித்தது உங்களுக்குத் தெரியும். சிரித்தவர்களில் வாத்தியாரும் ஒருவர் என்பதை நான் சொன்னதில்லை. இங்கே மூன்று பேரோடு நடக்கும்போது அதைச் சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை. கேடி மகன் என்றால் நன்றாக ஆடுவான் என்று நினைத்துவிட்டார்கள்.

தனியாக வருகிறவனை வேறு மூன்று பேரோடு சேர்த்துவிடுவது இங்கே வழக்கம். நாலு மணிநேரம் பேசிக்கொண்டே நடப்போம். கடைசிக் குழியில் தொப்பியைக் கழற்றிக் கைகொடுத்துவிட்டு அவரவர் காருக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஆட்டத்தைவிட அந்த நாலு மணிநேரம் பிடிக்கும். சரி, அதை விடுங்கள்.

மேல்வீட்டுக் கிழவரைப் பற்றி அம்மா கேட்டார்கள். அப்படியேதான் இருக்கிறார். குளத்தில் விழுந்த பந்துகளை வலை போட்டு எடுத்துக் கழுவி, முட்டை அட்டையில் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி விற்கிறார். போன ஞாயிறு ரசம் கொடுத்தேன். குடித்துவிட்டு இருமி, இன்னொரு கப் கேட்டார். என் அறை கீழ்த்தளம். வெயில் கொஞ்சம் குறைவு, ஹீட்டர் நன்றாக இருக்கிறது.

முந்தாநாள்தான் இந்த வருஷத்தின் முதல் பனி விழுந்தது. இனி ஏப்ரல்வரை புல் கண்ணில் படாது. எங்களுக்கும் அதுவரை லீவு மாதிரிதான். வேறு ஏதாவது சின்ன வேலை பார்ப்பேன். இந்த மாதப் பணம் குறைந்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம், டாலர் விலை ஏறி இறங்குகிறது.

அப்புறம், பாப்பா சடங்கு. தை மாதம் என்று அக்கா சொன்னாள். நான் வர முடியாது, டிக்கெட் அந்தச் சமயத்தில் ரொம்ப அதிகம். தாய்மாமன் இல்லாமல் சடங்கா என்று அத்தை பேசுவார், பேசட்டும். சித்தி மகனை என் இடத்தில் நிறுத்துங்கள். ஆனால் சீர் என் காசில்தான் போக வேண்டும். பட்டுப் பாவாடை தாவணி, தட்டு 21க்குக் குறையக் கூடாது. மாமா குடும்பத்தின் முன் அக்கா தலை குனியக் கூடாது. மார்கழிக்குள் பணம் வந்துவிடும். என் மட்டை செட்டைக் கிழவர் வாங்கிக்கொள்கிறார். ஆறு மாதம் சும்மா கிடக்கிற பொருள்தானே, ஏப்ரலில் வேறு பார்த்துக்கொள்ளலாம்.

நாயுடுபுரம் இடத்துப் பட்டா விஷயத்தில் பெரியப்பாவிடம் நீங்கள் நேரில் பேச வேண்டாம். மாமாவை அனுப்புங்கள். அசல் பத்திரம் அம்மாவின் பச்சைப் பெட்டியில் அடியில் இருக்கிறது. கேட்டால் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்

பி.கு. பாப்பாவுக்கு ஒரு பந்து தனியாக அனுப்பியிருக்கிறேன். கிழவரின் முட்டை அட்டையிலிருந்து எடுத்தது, ஆனால் புதிது மாதிரி இருக்கும்.