இயற்கைப் பொருள் என்றாலும் சோதனை வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உணவில் இயல்பாகவே உள்ள ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்கும்போது, 'காலங்காலமாகச் சாப்பிடுவதுதானே' என்ற சமாதானம் செல்லாது. பச்சைத் தேயிலையில் உள்ள ஈஜிசிஜி (EGCG) என்ற சேர்மத்தையே பாருங்கள். தேநீராகக் குடித்தால் பொதுவாகத் தொல்லையில்லை. மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது.

இப்படிப்பட்ட மாத்திரைக்கு முதலில் வேண்டியது ஏம்ஸ் சோதனை. பாக்டீரியாவில் மரபணு மாற்றம் உண்டாகிறதா என்று, கல்லீரல் நொதிக் கலவை சேர்த்தும் சேர்க்காமலும் பார்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால், உடலுக்குள் போன பிறகு நஞ்சாகும் பொருள் கண்ணில் படாமல் தப்பிவிடும். அடுத்து எலிகளுக்கு மூன்று அளவுகளில் 90 நாள் கொடுத்துப் பார்க்க வேண்டும். மனிதருக்குப் பாதுகாப்பான அளவைக் கணிக்க, எலிகளில் பாதிப்பே தெரியாத உச்ச அளவை வழக்கமாக 100ஆல் வகுப்பார்கள்: விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு 10, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு 10.

கோட்டைவிடும் இடம் வேறு. தீனியில் கலந்து கொடுத்துவிட்டு 'பாதுகாப்பானது' என்று எழுதிவிடுகிறார்கள். பட்டினி போட்ட நாய்களுக்கு ஈஜிசிஜி கொடுத்தபோது நச்சுத்தன்மை கூடியது. மக்கள் வெறும் வயிற்றில் விழுங்கும் பொருளை வெறும் வயிற்றிலேயே சோதிக்க வேண்டும். சோதித்த சாறும் விற்கும் சாறும் ஒரே செறிவுதானா என்ற பகுப்பாய்வு அறிக்கையையும் தயாரிப்பாளர்கள் வெளியிட வேண்டும்.

– உணவு நச்சியல் துறை வாசகர்கள்