ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஏன் போகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணம் கட்டிச் சேர்ந்து, தனக்குக் கீழே ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கும் சங்கிலித் தொடர் வணிகத்தில் பணத்தை இழந்தவர்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ‘பேராசை பெருநஷ்டம்’ என்ற பழமொழியும் கூடவே வந்துவிடுகிறது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இதில் சேர்கிறவர்களை அருகிலிருந்து பார்த்தால் அந்தப் பழமொழி அவர்களில் பலருக்குப் பொருந்தாது. அவர்கள் கையில் பணம் வருவதற்கு முன்பே ஒரு கூட்டம் கிடைத்துவிடுகிறது. விட முடியாமல் போவதும் அந்தக் கூட்டத்தைத்தான். இதைக் கணக்கில் எடுக்காமல் செய்யும் எச்சரிக்கை யார் காதிலும் ஏறாது.

அந்தக் கூட்டங்கள் நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். புதிதாக வருகிறவரை வாசலிலேயே பெயர் கேட்டு, முன் இரண்டு வரிசைக்குள் உட்கார வைக்கிறார்கள். ஒரு பக்கம் அழைத்து வந்தவர், மறுபக்கம் ஒரு ‘சீனியர்’. முதல் கமிஷன் வாங்கிய பெண்ணை மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறார்கள். நாற்பது வயது வரை ‘இன்னார் வீட்டுக்காரி’, ‘இன்னாருடைய அம்மா’ என்றே அறியப்பட்டவரின் பெயர், ‘மேடம்’ என்ற மரியாதையோடு மைக்கில் ஒலிக்கிறது. அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு நாள் காய்ச்சல் என்றால் நாலு பேர் போன் செய்து விசாரிக்கிறார்கள். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. அந்த விசாரிப்பு அவருக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது.

ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு டெல்டாவிலேயே காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் பெண்கள் கூட்டமாகவே போய் வந்தார்கள். வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்ட அரைமணி நேரத்தில் ஊர்க் கதை முழுவதும் பேசி முடிந்துவிடும். இப்போது நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்துவிட்டன. அறுவடையை இயந்திரம் ஒரே நாளில் முடித்து, நெல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. களத்துமேட்டில் ஆள் இல்லை. பையன்கள் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். மகளிர் குழுக் கூட்டம்கூடப் பல ஊர்களில் தவணை வசூலித்துக் கையெழுத்து வாங்கும் கால்மணி நேர வேலையாகச் சுருங்கிவிட்டது. காலியாகக் கிடந்த அந்த இடத்தில்தான் நிறுவனங்கள் நாற்காலி போட்டிருக்கின்றன.

சேர்ந்த மறுநாள் முதல் வேலை, ‘லிஸ்ட்’ எழுதுவது. தெரிந்தவர்கள் 100 பேர் பெயர். அண்ணன், மச்சான், சம்பந்தி, குழுத் தலைவி, பிள்ளையின் டீச்சர், குலதெய்வக் கோயில் பங்காளிகள் என்று வாழ்நாளெல்லாம் சேர்த்த உறவு முழுவதும் ஒரு நோட்டில் வரிசையாக இறங்கிவிடும். யாரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்பதையும் சொல்லித் தருகிறார்கள். ‘என்ன கம்பெனி என்று போனில் சொல்லாதீர்கள், கூட்டி வந்துவிடுங்கள்’ என்பது அதில் முக்கியப் பாடம். உறவைத் தேடி வந்தவர், தன் கையிலிருந்த உறவையே முதலாகப் போடுகிறார்.

இனிக் கணக்கு. ஒருவர் 6 பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 6, 36, 216, 1,296, 7,776, 46,656, 2,79,936 என்று போய் எட்டாவது அடுக்கில் 16,79,616 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தின் மக்கள்தொகையே சுமார் 12.64 லட்சம்தான், கைக்குழந்தை உட்பட. இன்னொன்றும் உண்டு. சங்கிலி எந்த அடுக்கில் நின்றாலும், அதிலுள்ளவர்களில் ஆறில் ஐந்து பங்குப் பேர் கடைசி அடுக்கில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. எவ்வளவு உழைத்தாலும் இந்த விகிதம் மாறாது. ‘உங்கள் முயற்சி போதவில்லை’ என்று அவர்களிடம் சொல்வது பெரிய அநியாயம்.

லெஃப்ட், ரைட் என்று இரண்டு கை வைத்த பிளானில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. உதாரணமாக, சேரும்போது 6,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்க வேண்டும், இடதில் ஒருவர், வலதில் ஒருவர் சேர்ந்த ஒரு ஜோடிக்கு 600 ரூபாய் கமிஷன் என்று வையுங்கள். போட்ட பணத்தை எடுக்க இடதில் 10, வலதில் 10 என 20 பேர் வேண்டும். ஆனால் இரண்டு கையும் சமமாக வளராது. இடதில் 30 பேரும் வலதில் 4 பேரும் வந்தால் ஜோடி நாலுதான், வருவது 2,400 ரூபாய். மீதி 26 பேர் ஜோடிக்காகக் காத்திருப்பார்கள். இதற்கிடையே கமிஷன் நிற்காமல் ‘ஆக்டிவ்’வாக இருக்க மாதம் 1,500 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தால் ஆறு மாதத்தில் இன்னும் 9,000 போய்விடும். அந்தச் சரக்கெல்லாம் விற்காமல் பீரோவுக்கு மேலே அடுக்கிக் கிடக்கும் வீடுகள் நிறைய. சத்துமாவு டப்பாவின் அடியில் காலாவதித் தேதி தாண்டியிருக்கும்.

‘சீட்டும் இப்படித்தானே, மொய்யும் இப்படித்தானே’ என்று கேட்கிறார்கள். அவை வேறு, இது வேறு. 20 பேர் மாதம் 5,000 போட்டால் சீட்டு ஒரு லட்சம், 20 மாதத்தில் ஆளுக்கு ஒருமுறை எடுத்து வட்டம் மூடிவிடும். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி (2019 திருத்தத்துக்குப் பிறகு) சீட்டு நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தில் நோட்டு இருக்கிறது. யார் எவ்வளவு செய்தார், அதில் பழைய மொய் எவ்வளவு, புது மொய் எவ்வளவு என்று அதில் தெரியும். மொய்யிலும் சுமை உண்டு, பதிவில்லாத தீபாவளிச் சீட்டில் ஏமாந்தவர்களும் உண்டு. ஆனால் இவற்றில் உங்கள் பணம் திரும்புவதற்கு ஊருக்குப் புதிதாக யாரும் வந்து சேர வேண்டியதில்லை.

அதிகக் கவலை தருவது குழுக் கடன். சேரும் பணத்துக்காகக் குழுவின் உள்கடனையோ நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணைக் கடனையோ எடுக்கிறார்கள். கட்ட முடியாமல் போனால் மற்ற உறுப்பினர்கள் தலையில் விழுகிறது. குழுத் தலைவியே கூட்டத்துக்கு அழைத்திருந்தால் குழுவே உடைந்துவிடும். கடன் மனுவில் ‘சிறு வியாபாரம்’ என்று எழுதியிருந்தால் என்ன சரக்கு, யாரிடம் விற்பது என்று குழு கேட்கட்டும். தை, மாசியில் சம்பா நெல் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் சமயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

இந்த நிறுவனங்கள் தங்களை ‘நேரடி விற்பனை’ என்றே சொல்லிக்கொள்கின்றன. அதற்குச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளின்படி சேர்வதற்கோ புதுப்பிப்பதற்கோ கட்டணம் வாங்கக் கூடாது. செயல்விளக்கப் பொருள்களை வாங்கச் சொல்லியும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆள் சேர்த்ததற்காக மட்டும் பணம் தரக் கூடாது. முன் அனுமதியும் அடையாள அட்டையும் இல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது. ‘நாலு பேரைக் கூட்டி வந்தால் உங்கள் பணம் திரும்பிவிடும்’ என்று சொல்லி விற்பதும் தவறு. ஆள் சேர்ந்தால் பணம் வரும் என்று ஆசை காட்டும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. சர்க்கரை நோய் குணமாகும் என்று பவுடர் விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்து, மாய மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். பவுடரை நம்பி மாத்திரையை நிறுத்தினால் போவது பணம் மட்டுமில்லை, காலும் கண்ணும் போகும்.

வெளியே வர நினைப்பவர் செய்ய வேண்டியவை: முதல் நாளே ஆள் சேர்ப்பதை நிறுத்துங்கள். ஒப்பந்தத்தில் விலகுவதற்கான கால அவகாசம் எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் எழுத்தில் விலகுங்கள். வாயால் சொன்னது நிற்காது. மின்னஞ்சலிலும் தபாலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சரக்கின் சீலை உடைக்காதீர்கள். பில், பணம் அனுப்பிய விவரம், கூட்ட அழைப்பு, ‘இவ்வளவு வரும்’ என்று அனுப்பிய குரல் பதிவு எல்லாவற்றையும் வேறொரு போனுக்கும் மாற்றிவிடுங்கள், வெளியேறியதும் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 வேலை மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. சரக்கே இல்லாமல் பணம் பெருகும் என்று வாங்கியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசுக்குப் போக வேண்டும்.

பலர் புகார் கொடுக்காததற்குக் காரணம், தாங்களும் நாலு பேரைச் சேர்த்துவிட்டோம் என்ற பயம். பயத்தில் நியாயம் உண்டு, 1978 சட்டம் ஆள் சேர்ப்பவரையும் பிடிக்கும். ஆனால் மௌனமாக இருந்தால் கீழே இன்னும் ஆள் சேர்ந்துகொண்டே போகும். தான் சேர்த்தவர்களையும் கூட்டிக்கொண்டு ஒன்றாகப் போய்ப் புகார் கொடுப்பதே நல்ல வழி. அந்த உறவும் அப்போதுதான் மிஞ்சும்.

மகளிர் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது தவணை நோட்டைத் திறக்காமல் நடத்துங்கள். வந்தவரைப் பெயர் சொல்லி அழையுங்கள், வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் போய்ப் பாருங்கள். சங்கிலியில் சேர்ந்துவிட்ட உறவினரைத் தெருவில் கண்டால் ஒதுங்கிப் போகிறோம், கல்யாணப் பத்திரிகை கொடுப்பதைக்கூடத் தள்ளிப் போடுகிறோம். ஊர் ஒதுக்க ஒதுக்க, அவருக்கு அந்த மண்டபம் மட்டுமே மிஞ்சும். அடுத்த வளைகாப்புக்கு அவர் வீட்டுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். முடிந்தால் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள்.

இப்படிக்கு,
நுகர்வோர் விழிப்புணர்வுப் பணியில் இருக்கும் வாசகர்கள்,
மன்னார்குடி.