அணைந்தது விளக்கு அல்ல, அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்தக் கடிதத்தை உங்கள் பேத்தி தன் போனில் வாசித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன். உங்களுக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பழவேற்காட்டில் உங்கள் மொட்டைமாடியில் நின்று நான் சொன்ன தவறான பதிலையே பொன்னேரியிலிருந்து தடா வரை பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் திருத்தத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதுதான் நியாயம் என்று பட்டது.

உங்களுக்கு நினைவிருக்கும். மாசி மாதம், விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நீங்கள் காயப்போட்ட கருவாட்டை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தீர்கள். தென்மேற்கே தென்னை மட்டைகளுக்கு மேலே வெள்ளியைப் போன்ற ஒளியோடு ஒன்று எழுந்து, சிமிட்டாமல், சத்தமில்லாமல் நம் தலைக்கு மேலே ஏறிவந்தது. விமானமென்றால் சிவப்பும் பச்சையும் மின்னும். எரிநட்சத்திரமென்றால் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். இது சர்வதேச விண்வெளி நிலையம், உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு விளக்கு யாருப்பா ஏத்துறது?" என்று கேட்டீர்கள். உள்ளே இருப்பவர்கள்தான் போட்டிருப்பார்கள் என்று யோசிக்காமல் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, கடல் பக்கம் பாதி வானத்தில் அது மங்கி, லேசாகச் செம்மை தட்டி, அப்படியே அணைந்துபோனது. "அங்கேயும் கரண்ட் போயிடுச்சா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம், எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

நாம் பார்த்தது எந்த விளக்கின் ஒளியும் அல்ல, அத்தை. அது வெயில்.

சாயங்காலம் தெருவில் நிழல் விழுந்த பிறகும் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் சற்று நேரம் மஞ்சள் வெயில் தங்கியிருப்பதையும், ஏரியிலிருந்து உயரே பறந்து திரும்பும் கூழைக்கடாக்களின் வயிற்றில் செவ்வொளி படுவதையும் நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறீர்கள். உயரம் கூடக்கூட வெயில் பிந்தி மறையும். அந்த நிலையம் பறப்பது ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில். நமக்குச் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் வரைகூட நம் தலைக்கு நேர்மேலே அந்த உயரத்தில் பகல்தான். அதன் நீளம் 109 மீட்டர். நம் ஊர் பைபர் படகுகள் பத்துப் பன்னிரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம். விரித்துவைத்த சூரியத் தகடுகளோடு அத்தனை பெரிய பொருள் வெயிலில் நின்றால், இருட்டில் இருக்கும் நமக்கு ஏன் தெரியாது?

அது அணைந்த விதத்தைத்தான் நான் இன்னமும் நினைத்து நினைத்து வியக்கிறேன். கிழக்கு நோக்கிப் போன அது பூமியின் நிழலுக்குள் நுழைந்தது. அதாவது அந்தக் கணத்தில் அங்கே சூரியன் அஸ்தமித்தது. செம்மை தட்டியதும் அதனால்தான். மேலே இருந்தவர்களின் அந்திப்பொழுதை நாம் கருவாட்டு முறத்தோடு கீழே நின்று பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு அது அன்றைய ஒரே அஸ்தமனமும் அல்ல. பூமியை ஒருமுறை சுற்ற ஒன்றரை மணி நேரம் போதும் என்பதால் ஒரு நாளில் ஏறக்குறைய 16 முறை அவர்களுக்குப் பொழுது விடிகிறது, 16 முறை சாய்கிறது.

விடியற்காலையில் இதே கதை தலைகீழாக நடக்கும். நிழலிலிருந்து வெயிலுக்கு வருவதால், அடிவானத்தில் எழாமல் நடுவானத்தில் திடீரென முளைக்கும். முகத்துவாரத்தைத் தாண்டும்போது அப்படி ஒரு நட்சத்திரம் முளைத்ததைக் கண்டதாக மாமா ஒருநாள் சொன்னபோது, தூக்கக் கலக்கம் என்று நாம் அவரைக் கேலி செய்தோம். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்லுங்கள்.

சூலூர்பேட்டையில் என்னோடு வேலை பார்க்கும் தெலுங்கு நண்பர் ஒருவர் இதை 'நடிச்சே சுக்க' என்கிறார். தெலுங்கில் அதற்கு 'நடக்கும் நட்சத்திரம்' என்று பொருள். நம் காதுக்கோ நட்சத்திரம் நடித்துவிட்டதைப் போல விழுகிறது. வெயிலை வாங்கித் தன் ஒளியாகக் காட்டுவதால் அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

அன்றைக்கு நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி, அது விழாதா என்பது. ஸ்கைலாப் விழப்போகிறது என்று ஊரே பயந்து, இருந்த கோழிகளையெல்லாம் அடித்துக் குழம்பு வைத்த கதையை உங்களிடம்தான் நான் முதலில் கேட்டேன். அந்த அமெரிக்க நிலையம் 1979 ஜூலை 11 அன்று விழுந்தது. துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் போய்ச் சேர்ந்தன. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 10 அன்று, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நம் முதல் எஸ்.எல்.வி. ராக்கெட்டும் வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஒரு மாத இடைவெளியில் இரண்டையும் கேட்டவருக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உண்மையில் அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த உயரத்திலும் பூமியின் இழுப்பு தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். வீச்சுவலையை மெல்ல வீசினால் காலடியில் விழும், ஓங்கி வீசினால் தள்ளி விழும். கரை திரும்பும் படகின் கொடிக்கம்பு முதலில் தெரிந்து, உடல் பிறகு தெரிவதைக் கொண்டு கடல் வளைந்திருக்கிறது என்பதை நீங்கள் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்தவர். அந்த வளைவுக்கு ஈடுகொடுக்கும் வேகத்தில் ஒன்றை வீசிவிட்டால், அது விழ விழத் தரையும் வளைந்து விலகிக்கொண்டே இருக்கும். அந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர், சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒன்றரை நிமிடத்துக்குள் போய்விடலாம். அங்கேயும் நூலளவு காற்று இருந்து அதைத் தேய்ப்பதால், அவ்வப்போது எஞ்சினைப் போட்டு மேலே தள்ளிவிடுகிறார்கள். 2030க்குப் பிறகு ஆள் நடமாட்டமில்லாத பசிபிக் கடல் பகுதியில் அவர்களே இறக்கிவிடத் திட்டமிட்டிருக்கிறார்கள். கோழிகளுக்கு இந்த முறை ஆபத்தில்லை.

நம் ஊர்க்காரர்கள்மேல் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்பதால் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். 2024 டிசம்பர் 30 அன்று இரவு பத்து மணிக்கு ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டோடு பி.எஸ்.எல்.வி. கிளம்பியதை நினைத்துப்பாருங்கள். வடக்கே வானம் வெளுத்து, நெருப்பு உயரே ஏறி, அதன் முழக்கம் ஒன்றரை நிமிடம் கழித்து ஏரியைத் தாண்டி வந்து வயிற்றில் அதிரும். அது ஓய்ந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவோம், போனது போனதுதான் என்பதைப் போல. ஏவியவை திரும்பத் திரும்ப நம் தலைக்கு மேலேயே வந்துபோகின்றன என்பதை யாரும் நினைப்பதில்லை. எல்லாம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

தெரிகிறவற்றில் நம் பக்கத்து ஆட்களுக்குக் கொடுத்துவைத்தது ஹபிள் தொலைநோக்கி. 1990இல் ஏவப்பட்ட அது நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 28.5 பாகைக்குள்ளேயே சுற்றுவதால் மாஸ்கோவில் இருப்பவருக்கு அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. நமக்கோ தலைக்கு மேலேயே வரும். நிலையத்தைப் போல அத்தனை பிரகாசமாக இருக்காது, தேடித்தான் பார்க்க வேண்டும். மணிச்சரம் போல வரிசையாகப் போகும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைப் பேத்தி காட்டியிருப்பாள். வானத்தை ஆராய்கிறவர்களுக்கு அவை இடைஞ்சல் என்பதால் அவற்றின்மேல் எனக்கு அவ்வளவு பிரியமில்லை.

நிலையத்தின்மேல் பிரியம் இருக்கிறது. 2025 ஜூன் 26 முதல் ஜூலை 14 வரை லக்னோவைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா அதற்குள்தான் இருந்தார். வானத்தில் நகரும் ஒரு புள்ளியைக் காட்டி, அதில் நம் நாட்டு ஆள் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று சொல்ல முடிந்த நாட்கள் அவை.

அடுத்த முறை வரும் நேரத்தை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலியில் பார்த்து முதல் நாளே போன் செய்கிறேன். அதில் உயரம் பாகைக் கணக்கில் இருக்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒரு முஷ்டி ஏறக்குறைய பத்துப் பாகை என்று பேத்தியிடம் சொல்லிவையுங்கள். மாடி விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் முன்னதாகவே நில்லுங்கள். முறத்தை மட்டும் உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு நாம் எல்லோரும் அண்ணாந்து நின்ற நேரத்தில் பூனை இரண்டு வாளைக் கருவாட்டைக் கவ்விக்கொண்டு போனதை நான் பார்த்தேன், சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்